சோதனை வாயிலும் மறவாத ஏடும்

விமானப் பயணம் செய்வோர் கட்டுநாயக்கத்திலாயினும் பாரிசிலாயினும் ஒரு வரிசையில் நின்றே தீரவேண்டும். அவ்வரிசையிலே பொழுதுபோக்காகப் பேசப்படும் பேச்சு எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். “இவ்வளவு சோதனையும் வீண் வேலை” என்பார் ஒருவர். “நம்முடைய உயிரைக் காக்கத்தானே செய்கிறார்கள்” என்பார் மற்றொருவர். “மடியிலே கனமில்லாதவனுக்கு வழியிலே பயமென்ன” என்று பேச்சை முடித்து வைப்பார் மூன்றாமவர். மூவர் கூற்றிலும் சிறிது உண்மை உண்டு. ஆயினும், அங்கே நடைபெறும் காரியம் ஒன்றன்று, இரண்டு என்பதை மூவருமே கவனிப்பதில்லை. பயணி என்ன கொண்டு செல்கிறார் என்று பார்ப்பது ஒன்று; பயணி யார் என்று பதிந்து வைப்பது மற்றொன்று. முன்னையது சோதனை, பின்னையது கண்காணிப்பு.

சோதனை நெடுங்காலத்து வழக்கமன்று. 1960களில் ஐக்கிய அமெரிக்காவிலே பயணச்சீட்டு வாங்கியவர் பஸ்ஸில் ஏறுவதுபோல விமானத்தில் ஏறினார். 1968 முதல் 1972 வரையான ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டு விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்ட தடவை கடத்தப்பட்டன. அவற்றுட் பல கியூபாவுக்குத் திருப்பப்பட்டன. சோதனை செய்தால் பயணிகள் வெறுத்து ஒதுங்குவர் என்று விமானக் கம்பனிகள் அஞ்சின. ஆகவே 1973 ஜனவரியிலேதான் எல்லாப் பயணிகளையும் கைப்பொதிகளையும் சோதிப்பது அங்கே கட்டாயமாயிற்று.

அதற்குக் கைகொடுத்தது உலோகங்காணும் வாயில். அதன் இரு பக்கங்களிலும் கம்பிச் சுருள்கள் மறைந்துள்ளன. அவற்றில் விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றது. உலோகத் துண்டொன்று அதனூடே சென்றால் அதனுள்ளும் சிறு மின்னோட்டம் பிறந்து புலத்தைக் கலைக்கும். உடனே மணி ஒலிக்கும். சட்டைப் பையிலுள்ள திறப்புக் கோவைக்கும் கத்திக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது. மருந்துப்பொடியோ திரவமோ அதன் கண்ணில் அறவே படாது.

இயந்திரம் தேடச் சொன்னதை மட்டுமே தேடும். ஆகவேதான் ஒவ்வொரு விபரீதத்தின் பின்பும் ஒரு புதிய விதி முளைத்தது. 1985 ஜூன் 23ஆம் திகதி எயார் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். குண்டிருந்த பெட்டி விமானத்தில் ஏறியிருந்தது, அதற்குரியவர் ஏறவில்லை. பயணியின்றி அவர் பெட்டி மட்டும் செல்லலாகாது என்ற விதி உலகெங்கும் வலுப்பெற்றமைக்கு இக்கொடுமை முக்கிய காரணம். 2001 டிசெம்பரில் பாரிசிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ஒருவன் தன் சப்பாத்திலே மறைத்திருந்த வெடியைப் பற்றவைக்க முயன்று பிடிபட்டான். அவன் ஒருவனால் அமெரிக்கப் பயணிகள் பல்லாண்டுகள் சப்பாத்தைக் கழற்றினர்; 2025 ஜூலையிலேதான் அவ்விதி நீங்கிற்று.

மாங்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து அதைப் பறிகொடுத்த தாய்மார் பலர். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் 2006 ஓகஸ்ட் மாதத்திலே பிரித்தானியாவில் வெளிப்பட்ட சதி. குடிபானப் போத்தல்களில் வெடித்திரவத்தை நிரப்பி விமானங்களைத் தகர்க்கச் சிலர் திட்டமிட்டிருந்தனர். அன்றைய எக்ஸ் கதிர்ப் பெட்டி பொருள்களின் நிழலை மாத்திரம் காட்டுவது. உலோகத்தை நீலமாகவும் உணவு, துணி போன்றவற்றைச் செம்மஞ்சளாகவும் பிரித்துக் காட்டுமேயன்றி, தண்ணீரையும் வெடித்திரவத்தையும் திடமாகப் பிரித்தறியாது. அறிய முடியாததன் அளவையாவது குறைப்போம் என்றெழுந்ததே 100 மில்லிலீற்றர் விதி. ஊறுகாய் குற்றவாளியன்று, இயந்திரத்தின் பார்வைக் குறைவே குற்றவாளி. வைத்தியசாலைகளில் உள்ளதுபோலப் பொருளைச் சுற்றிவந்து பல கோணங்களிற் படமெடுக்கும் புதிய கருவிகள் திரவத்தின் அடர்த்தியை அளக்கவல்லன. அவை வந்த சில விமானநிலையங்களில் இவ்விதி தளர்ந்துள்ளது.

இச்சோதனைகளுக்கெல்லாம் பொதுவான நற்குணம் ஒன்று உண்டு: அவை மறந்துவிடும். வாயிலைக் கடந்தவரின் பெயரை உலோகங்காணும் வாயில் கேட்பதில்லை. ஆடைக்குள்ளே ஊடுருவிய முதற்காலக் கருவிகளுள் ஒருவகை உடலின் வடிவத்தை அப்படியே காட்டியபோது அமெரிக்காவில் பெருங்கண்டனம் எழுந்தது. 2013இல் அவை அந்நாட்டு விமானநிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. இன்றுள்ள கருவி ஒரு பொம்மை உருவைக் காட்டி, ஐயத்துக்குரிய இடத்தில் கட்டமொன்று போடுவதோடு நின்றுகொள்கிறது. பாதுகாப்பும் குறையவில்லை, மானமும் காக்கப்பட்டது. முணுமுணுத்தவர்கள் வீணாக முணுமுணுக்கவில்லை.

குடிவரவு மேசையிலுள்ள கமெராவின் இயல்பு வேறு. அது முகத்தைக் கண்ணிடை தூரம், மூக்கு, தாடை முதலியவற்றின் கணக்காக மாற்றிக்கொள்கிறது. அக்கணக்கைக் கடவுச்சீட்டிலுள்ள படத்தோடு மட்டும் ஒப்பிட்டால், அது மேசை அலுவலர் கண்ணாற் பார்ப்பதற்குச் சமம். பெரிய ஏடொன்றிற் சேர்த்து வைத்தாலோ நிலைமை வேறாகின்றது. ஐரோப்பாவின் 29 நாடுகள் 2025 ஒக்டோபர் 12 முதல், குறுகிய காலத்துக்கு வரும் பிறநாட்டாரின் வரவையும் செலவையும் முகப்படத்தோடு கணினியிற் பதியத் தொடங்கின. கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் பழைய முறைக்குப் பதிலாக இது வந்தது. பாரிசிலோ சூரிச்சிலோ உள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம்மவர்களும் இவ்வேட்டில் அடங்குவர். பதிவு மூன்று ஆண்டுகள் வைக்கப்படும். வெளியேறியது பதியப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள்.

மூன்றாமவர் சொன்ன பழமொழி இங்கேதான் தடுமாறுகிறது. 2019இல் அமெரிக்க எல்லையில் எடுக்கப்பட்ட பயணிகளின் படங்களை ஓர் ஒப்பந்த நிறுவனம் தன் கணினிக்கு மாற்றி வைத்திருக்க, அங்கே திருடர் புகுந்து அவற்றைக் கவர்ந்தனர். மடியிலே கனமில்லாதவர்களின் முகங்களும் அவற்றுள் இருந்தன. கடவுச்சொல் களவுபோனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். முகத்தை மாற்ற இயலுமா?

ஏடு பிழைபடுவதும் உண்டு. வெளியேறியவரின் பதிவு தவறிப்போனால், விசாக் காலம் கடந்தும் தங்கியிருந்தவராகவே கணினி அவரைக் கருதும். தன்னைப்பற்றிய பதிவைக் கேட்டுப் பார்க்கவும், பிழையிருப்பின் திருத்தக் கோரவும் ஐரோப்பியச் சட்டம் பயணிக்கு உரிமை தருகின்றது. முத்திரை இல்லாத கடவுச்சீட்டு அப்போது சாட்சி சொல்லாது. திரும்பி வந்த விமானத்தின் ஏறுசீட்டு சாட்சி சொல்லும். அதை வீட்டிற்கு வந்தவுடன் குப்பையிற் போடாமல் சில ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பது நன்று.