ஸ்கூலுக்கு லீவு போட நடிப்பா? நிஜ வலியா? இளசுகளின் தீராத வலிக்கு கைகொடுக்கும் செல்போன்!

"அம்மா, தலை வலிக்குது..."
"எப்பப் பாரு போனையே பாத்தா வலிக்காம என்ன செய்யும்?"

மதுரை தல்லாகுளமோ, வேறு எந்த ஊரோ, பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான் இது. ஆனால், திட்டு வாங்கித் தரும் அதே போன் வலியைச் சமாளிக்கவும் உதவும். எப்படி? பார்க்கலாம்.

நாள்பட்ட வலி என்றால் என்ன?

3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியே நாள்பட்ட வலி. தலை, வயிறு, முதுகு, மூட்டு என எங்கும் வரலாம். சில நேரம் ஸ்கேனில் எதுவுமே தெரியாது. அதற்காக வலி பொய்யாகிவிடாது.

செயலி என்ன செய்யும்?

கனடாவின் டொராண்டோவில் உள்ள சிக்கிட்ஸ் மருத்துவமனை, புற்றுநோய் பாதித்த சிறார்களுக்காக 'பெயின் ஸ்குவாட்' என்ற செயலியை உருவாக்கியது. இதில் பிள்ளைகள்தான் போலீஸ். காலையும் மாலையும் வலியைப் பதிவு செய்தால் புரொமோஷன் கிடைக்கும்! விளையாட்டு போலத் தெரிந்தாலும், டாக்டருக்குக் கிடைப்பது துல்லியமான தகவல்.

பதிவு ஏன் முக்கியம்?

"போன மாசம் எப்படி இருந்துச்சு?" என டாக்டர் கேட்டால், நமக்கு நினைவுக்கு வருவது கடைசி இரண்டு நாள் வலிதான். தினமும் எழுதினால், தூக்கம் கெட்ட மறுநாளா, பரீட்சை நேரமா, மாதவிடாய் நாட்களா என வலி வரும் நேரம் பிடிபடும். மாத்திரைக் கணக்கும் அவசியம். வலி மாத்திரையை அடிக்கடி போடுவதே சிலருக்குத் தலைவலியைக் கொண்டுவரும்.

நாம் என்ன செய்யலாம்?

தனிச் செயலி தேவையில்லை. போனில் உள்ள நோட்ஸ் போதும். தினமும் இந்த 5 விஷயங்களைக் குறியுங்கள்:

- வலி எங்கே?
- 0 முதல் 10 வரை எவ்வளவு?
- எத்தனை மணி நேரம் தூக்கம்?
- என்ன மாத்திரை?
- வலியால் எதைச் செய்ய முடியவில்லை?

கவனம்!

செயலி டாக்டர் ஆகாது. வலியோடு காய்ச்சல், மூட்டு வீக்கம், எடைக் குறைவு, தூக்கத்தை எழுப்பும் வலி இருந்தால் தாமதிக்க வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு கோரிப்பாளையம் அருகிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. வலியால் மனசு சோர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை "வலிக்குது" என்றால், "நடிக்காத" என்று சொல்லும் முன், "10க்கு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். சிகிச்சையின் முதல் படி அதுதான்.