ஒரே வயரில் பெரிய திரை: வாங்கமுன் கவனிக்க வேண்டியவை

கடைக் கணக்குக்கு லெப்டொப் வாங்கியவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். திரை சிறிது, கண் வலிக்கிறது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரிப் பதிவுக்கான வருடாந்தப் புரள்வு எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாகக் குறைக்கப்பட்டதும், கொப்பிக் கணக்கு போதாத நிலைக்கு மேலும் பல வியாபாரிகள் வந்தார்கள். ஒரு பக்கம் பில், மறுபக்கம் ஸ்டொக் என்று பார்க்கப் பெரிய திரை தேவைதான்.

இதற்கு இப்போது கடைகளில் காட்டுவது யூ.எஸ்.பி. சி மொனிட்டர். 2014இல் அறிமுகமான இந்த இணைப்பை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் சரி. படமும் மின்சாரமும் ஒரே வயரில் போகும். மொனிட்டரே லெப்டொப்பைச் சார்ஜ் செய்யும்.

கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் எல்லாத் துளையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கஹவத்தையில் எனக்குத் தெரிந்த புடவைக் கடைக்காரர் ஒருவர் கொழும்புக்குப் போய் மொனிட்டர் வாங்கி வந்தார். சொருகினால் திரை கறுப்பு. மொனிட்டரில் பழுதில்லை. அவருடைய லெப்டொப்பின் துளை தரவுக்கு மட்டுமே உரியது, படம் அனுப்பாது. கடைசியில் பழைய எச்.டி.எம்.ஐ. வயரில்தான் படம் வந்தது. ஒரே வயருக்காகக் கூடக் கொடுத்த காசு வீண்!

துளைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ, டிஸ்ப்ளே போர்ட் குறியோ இருக்கிறதா பாருங்கள். பெற்றரிப் படம் மட்டும் இருந்தால் அது சார்ஜ் பற்றியது. குறி எதுவும் இல்லையென்றால் மாடல் இலக்கத்தை வைத்து, 'டிஸ்ப்ளே போர்ட் ஒல்ட் மோட்' உண்டா என்று விபரத்தில் தேட வேண்டும். வயரும் முக்கியம். போன் சார்ஜருடன் வரும் வயர்கள் பெரும்பாலும் படம் கடத்தாதவை. மொனிட்டர் 65 வொட் கொடுக்க, லெப்டொப் அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும்.

2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போனதை யாரும் மறக்கவில்லை. மேசை மொனிட்டர் அப்போது அணைந்துவிடும். லெப்டொப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும் 15 அங்குலக் கையடக்க மொனிட்டர் எரியும், ஆனால் பெற்றரியைச் சீக்கிரம் குடித்துவிடும்.

வெறும் கணக்கு வேலைக்கு எச்.டி.எம்.ஐ. மொனிட்டரே தாராளம், விலையும் குறைவு என்பது என் எண்ணம். எதை வாங்கினாலும் லெப்டொப்பைப் பையில் எடுத்துச் சென்று, கடையிலேயே சொருகி, படம் வருவதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். உத்தரவாதக் காலத்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.