விண்டோஸில் குடியேறிய மொழிகள் – 14: சி டிரைவில் ஒரு இடைவெளி

பாத் பட்டியலின் கதை போன வாரத்தோடு முடிந்தது. திரும்பச் சொல்லப்போவதில்லை, பழைய இதழை எடைக்குப் போட்டவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். இந்த வாரம் பைத்தானின் ‘வீல்’ என்ற பொதிக் கோப்புகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டர் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. இனி அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

விஷயம் இதுதான். புரோகிராமுக்கும் ஃபைல்ஸுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதல்லவா? ஒரு மென்பொருள் இன்னொன்றை இயக்கச் சொல்லி விண்டோஸிடம் முழு முகவரியையும் நீட்டுகிறது, ஆனால் மேற்கோள் குறி போட மறந்துவிடுகிறது என்று வையுங்கள். ‘சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\பைத்தான் 3.5\பைத்தான்.எக்ஸி’ என்று வந்தால், கோப்பின் பெயர் எங்கே முடிகிறது, அதற்குக் கொடுக்கும் கட்டளைச் சொற்கள் எங்கே தொடங்குகின்றன என்று விண்டோஸுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகவும் போகாது. ஊகிக்கும்.

முதல் இடைவெளியில் வெட்டி, ‘சி:\புரோகிராம்.எக்ஸி’ என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சத்தமில்லாமல் அதை இயக்கிவிடும். மீதியெல்லாம் அதற்குக் கொடுத்த கட்டளையாகக் கணக்கு. இல்லையென்றால் அடுத்த இடைவெளி வரைக்கும் போய், ‘சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\பைத்தான்.எக்ஸி’யைத் தேடும். அதுவும் இல்லையென்றால்தான் நாம் சொன்ன இடத்துக்கு வந்து சேரும். இது எவரோ தோண்டி எடுத்த ரகசியம் அல்ல. கிரியேட் பிராசஸ் என்ற செயற்கூறின் ஆவணத்தில் மைக்ரோசாஃப்டே உதாரணத்தோடு எழுதி, மேற்கோள் குறி போடச் சொல்லி எச்சரித்தும் வைத்திருக்கிறது.

இதைவிட என்னை மகிழ்வித்தது வேறு. சி டிரைவின் தலைமாட்டில் ‘புரோகிராம்’ என்ற பெயரில் ஒரு கோப்போ ஃபோல்டரோ இருந்தால், லாகின் செய்ததும் விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். இப்படி ஒரு பெயர் இருக்கிறது, இதனால் சில மென்பொருள்கள் சரியாக இயங்காமல் போகலாம், ‘புரோகிராம்1’ என்று மாற்றினால் பிரச்சினை தீரும் என்று சொல்லும். மாற்று, விட்டுவிடு என்று இரண்டு பொத்தான்கள். இந்த ஒரு பெயருக்காக ஒரு இயங்குதளம் தனியாகப் பெட்டி செய்து வைத்திருக்கிறது!

அந்தக் கோப்பு எப்படி முளைக்கும் என்கிறீர்களா? நிர்வாகி உரிமையோடு ஓடும் ஒரு பேட்ச் கோப்பில், வருகிற வெளியீட்டைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் உள்ள லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, மேற்கோள் குறியை விட்டுவிட்டால் போதும். முதல் இடைவெளியிலேயே முகவரி அறுந்து, ‘சி:\புரோகிராம்’ என்று ஒரு கோப்பு பிறந்துவிடும்.

ஜெர்மன் விண்டோஸ் எக்ஸ்பியில் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரின் பெயர் ‘புரோகிராமெ’. ஒரே சொல், இடைவெளி கிடையாது. ஸ்பானிஷ் எக்ஸ்பியிலோ ‘ஆர்ச்சிவோஸ் டி புரோகிராமா’ என்று இரண்டு இடைவெளிகள். ஆக ஜெர்மன் கணினியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய நிரல், மாட்ரிட்டில் போய் முதல் அடியிலேயே தடுக்கி விழ வாய்ப்பிருந்தது. விஸ்டாவிலிருந்து வட்டில் எல்லா ஊருக்கும் ஒரே ஆங்கிலப் பெயர். திரையில் தெரிகிற பெயர் மட்டும் அந்தந்த மொழியில்.

சரி, நிரல்மொழிகளுக்கு வருவோம். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்ற கட்டுமானக் கருவிக்கு, கோப்புப் பெயர்களைப் பிரித்துக் காட்டுவதே இடைவெளிதான். யூனிக்ஸில் வளர்ந்த மொழிகளின் கட்டுமானக் கருவிகளுக்கெல்லாம் இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. விண்டோஸ் 95 வந்து புரோகிராம் ஃபைல்ஸைக் கையில் கொடுத்தபோது, அந்த மொழிகளின் இன்ஸ்டாலர் எழுதியவர்கள் பலர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பைத்தான் ‘சி:\பைத்தான்27’ என்று டிரைவின் தலைமாட்டிலேயே கடை விரித்தது. ஜிசிசி கம்பைலரையும் மேக் கருவியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த ஸ்ட்ராபெரி பெர்லுக்கு ‘சி:\ஸ்ட்ராபெரி’. ரூபி இன்ஸ்டாலரோ, இடைவெளி உள்ள ஃபோல்டர் வேண்டாம் என்று புரோகிராம் ஃபைல்ஸையே உதாரணம் காட்டி, திரையில் எழுதியே வைத்தது.

ஆனால் தலைமாட்டில் குடியிருப்பதற்கு ஒரு வாடகை உண்டு. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனர் எதையும் மாற்ற முடியாது, நிர்வாகி உரிமை வேண்டும். சி டிரைவின் தலைமாட்டில் உண்டாகிற புதிய ஃபோல்டருக்கு இந்தக் காவல் இல்லை. லாகின் செய்த யாரும் உள்ளே எழுதலாம் என்கிற அனுமதி மேலிருந்து தானாக இறங்கிவிடும். பலர் புழங்கும் ஒரு கணினியில் நிர்வாகி இயக்கப்போகும் பைத்தானை, பக்கத்து நாற்காலிக்காரர் முன்கூட்டியே மாற்றி வைத்துவிடலாம். இடைவெளிக்குப் பயந்து பூட்டில்லாத வீட்டில் குடியிருந்த கதை.

2015-ல் வந்த பைத்தான் 3.5 இதை மாற்றியது. விண்டோஸ் இன்ஸ்டாலரை ஸ்டீவ் டவர் புதிதாக எழுதினார். கணினியில் எல்லோருக்குமாக நிறுவினால் புரோகிராம் ஃபைல்ஸ். எதையும் மாற்றாமல் அடுத்து, அடுத்து என்று போனால், பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், புரோகிராம்ஸ் என்று இறங்கி உள்ளே ஒரு மூலை. அது வெறும் ‘புரோகிராம்ஸ்’ என்பதைக் கவனியுங்கள். இங்கே மைக்ரோசாஃப்ட் இடைவெளி விடவில்லை. கோ மொழியும் முதலில் ‘சி:\கோ’வில் இருந்துவிட்டுப் பின்னாளில் புரோகிராம் ஃபைல்ஸுக்கே குடிபோனது.

பயனரின் சொந்த ஃபோல்டர் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது: இனிஷியல். விண்டோஸில் உள்ளூர்க் கணக்கு தொடங்கும்போது ‘குமார் எஸ்’ என்று பள்ளிச் சான்றிதழில் இருப்பதுபோலவே அடிக்கிறோம். ஃபோல்டரின் பெயரும் அதேதான், இடைவெளி உட்பட. புரோகிராம் ஃபைல்ஸை விட்டு ஓடிவந்தும் பயனில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்கள் தப்பித்தார்கள். அங்கே ஃபோல்டருக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகள்தான்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்பதற்கு, பைத்தான் பொதிகளை நிறுவித்தரும் பிப்.எக்ஸியே சாட்சி. பைத்தானின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் முதலில் புரியாத குப்பை எழுத்துகள்தான் வரும். கடைசி வரைக்கும் இறங்கிப் போங்கள். ஓரிடத்தில் ஹாஷ் குறி, ஆச்சரியக்குறி, அடுத்து உங்கள் பைத்தான்.எக்ஸியின் முழு முகவரி, பயனர் பெயர் உட்படப் பளிச்சென்று கிடக்கும். அதற்குப் பின்னால் பி, கே என்று இரண்டு எழுத்துகள். ஜிப் வடிவத்தைத் தந்த ஃபில் காட்ஸின் இனிஷியல்! ஒரு சின்ன ஏவி, ஒரு முகவரி, ஒரு ஜிப் பொட்டலம், மூன்றையும் ஒட்டவைத்ததுதான் பிப். பைத்தான் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஏவி பழைய முகவரியிலேயே தேடி, பிராசஸைத் தொடங்க முடியவில்லை என்று கைவிரிக்கும். முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லாத ஒரு காலமும் இருந்தது. அப்போது நகர்த்தக்கூட வேண்டாம், பெயரில் இடைவெளி இருந்தாலே போதும்.

வீல் கோப்புகளுக்கு இந்த வாரம் பக்கம் மிஞ்சவில்லை. ‘விசிவார்ஸ்ஆல்.பேட் கிடைக்கவில்லை’ என்ற வரியைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் இன்னும் ஏழு நாள் பொறுக்கவும். சி கம்பைலரே இல்லாத கணினியில் ‘நம்பை’ பொதி எப்படி இறங்குகிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம். அதற்குள் உங்கள் பிப்.எக்ஸியை நோட்பேடில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்.