பல் போனால் எலும்பும் போச்சு!

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். சொல்லோடு நின்றால் பரவாயில்லையே! பல்லைப் பிடுங்கிய ஒரே வருஷத்தில் அந்த இடத்துத் தாடை எலும்பு அகலத்தில் பாதி வரைக்கும்கூடக் கரைந்துவிடலாம். வேலை இல்லாத ஆளை மேனேஜ்மென்ட் வைத்துக்கொள்ளுமா? கடிக்கிற வேலை இல்லாத எலும்பை உடம்பும் வைத்துக்கொள்வதில்லை.

நாகர்கோவிலில் என் சிநேகிதர் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தார். "பொண்ணு அமையட்டும் மக்கா, பொறவு பாத்துக்கலாம்" என்று இரண்டு வருஷம் மீசையை இறக்கிவிட்டே சமாளித்தார். பெண் அமைந்தது. டைட்டானியம் இம்ப்ளான்ட் வைக்கப் போனால், டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்க்ரூ ரெடி. சுவரைத்தான் காணோம்" என்றாராம்.

சுவரை எழுப்ப வழி இருக்கிறது. பள்ளத்தில் எலும்புத் தூளை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். சவ்வு எதற்கு? ஈறு விறுவிறுவென்று வளரும். எலும்போ ஆடி அசைந்து வரும். இடம் காலியாக இருந்தால் ஈறு புகுந்து பட்டா போட்டுவிடும். களைக்கும் பயிருக்கும் உள்ள அதே தகராறு. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு விளக்கவே வேண்டாம். வேலி கட்டினால் எலும்பு நிதானமாக நிரம்பும் என்பதை 1988-ல் ஸ்வீடனின் டாலின் குழுவினர் எலித் தாடையில் காட்டினார்கள்.

முதலில் வந்த வேலி, மழைக்கோட்டுக்குப் பயன்படும் கோர்-டெக்ஸ் ரகம். கரையாது. எடுக்க இன்னொரு ஆபரேஷன். அடுத்து வந்தது கொலாஜன்: மாடு, பன்றி, மீன் இவற்றிலிருந்து எடுப்பது. மீன் கொலாஜன் சவ்வு சென்னையிலேயே தயாராகியிருக்கிறது (குளச்சல்காரர்கள் கவனிக்க!). இது தானே கரைந்துவிடும். ஆனால் நனைந்தால் ஈர அப்பளம். பெரிய பள்ளம் என்றால் நடுவில் தொய்ந்துவிடும்.

சிநேகிதருக்குச் சின்னப் பள்ளம்தான். கொலாஜனே போதுமென்றார்கள். எலும்பு கூடப் பல மாசம் ஆயிற்று. கல்யாண ஆல்பத்தில் சிரிப்பது தற்காலிகப் பல்.

பெரிய பள்ளத்துக்கு? வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல, கரையாத சவ்வுக்குள் டைட்டானியக் கம்பி வைத்தார்கள். டைட்டானியம் நமக்கு அந்நியமில்லை. மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கும் இல்மனைட் அதன் தாதுதான். சவ்வு நிமிர்ந்து நின்றது. ஆனால் மறுபடியும் பழைய கதை. எடுக்க இன்னொரு கத்தி.

நிமிர்ந்தும் நிற்க வேண்டும், வேலை முடிந்ததும் சொல்லாமல் போய்விடவும் வேண்டும். நல்ல விருந்தாளி மாதிரி ஓர் உலோகம் உண்டா?

உண்டு, மெக்னீசியம். சேலம் வெள்ளைக்கல்லிலும் இருக்கிறது, கன்னியாகுமரிக் கடல் நீரிலும் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் இருக்கிறது. ஆனால் ஆள் கொஞ்சம் அவசரக்காரன். 1907 வாக்கில் பெல்ஜியத்தின் லாம்போட் என்ற சர்ஜன், உடைந்த காலுக்கு மெக்னீசியத் தகடு வைத்து எஃகு ஆணியால் இறுக்கினார். இரண்டு உலோகம், நடுவே உப்பு ரத்தம். பேட்டரி தயார்! எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் ஹைட்ரஜன் வாயு உப்பிக்கொண்டது.

இப்போது சுத்த மெக்னீசியம், மேற்பூச்சு, கலப்பு உலோகம் என்று அவனை நிதானப்படுத்துகிறார்கள். இறுக்கும் ஸ்க்ரூவும் மெக்னீசியமே. ஜெர்மன் கம்பெனி ஒன்றின் மெக்னீசியச் சவ்வு 2020-க்குப் பிறகு ஐரோப்பாவில் அனுமதியும் பெற்றிருக்கிறது. கொஞ்சம் வாயு இப்போதும் வரத்தான் செய்கிறது. உடம்பு மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பெரிய அளவில், நீண்ட கால மனிதச் சோதனைகள் இன்னும் குறைவு. என்னைக் கேட்டால், சின்னப் பள்ளத்துக்கு இந்தப் புது மோகம் வேண்டாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு எந்த வேலியும் சரியாக உதவாது, புண்ணே ஆறத் தாமதமாகும்.

பல் பிடுங்கும் அன்றைக்கே எலும்பைக் காப்பாற்ற வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஊசி போடுமுன் கேட்பது உத்தமம். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு கேட்டால் அவருக்குப் புரியாது.