படியெடுத்தலும் ஒப்புநோக்கலும்

ஏட்டுச் சுவடிகள் செல்லரித்து மாயுமுன் அவற்றைப் பெயர்த்தெழுதிக் காத்தல் தமிழறிஞர் போற்றிய மரபாகும். எழுதுவோர் கைப்பிழையாற் பாடவேறுபாடுகள் பல்கியமையின், படியை மூலத்தோடு ஒப்புநோக்குதல் இன்றியமையாததாயிற்று. இக்காலத்தில் ஆவணங்களும் குறிப்புகளும் நிழற்படங்களும் விரலளவான பென் டிரைவ் ஒன்றினுள் அடங்கிவிடுகின்றன. அதுவும் அழியும் இயல்பினதே. ஆகவே அதனைப் பழுதின்றிப் படியெடுக்கும் முறை அறியத்தக்கது.

பென் டிரைவினுள் இருப்பவை கோப்புகள் மட்டுமல்ல. எக்கோப்பு எவ்விடத்துள்ளது என உரைக்கும் அட்டவணையும் அதனுள் உண்டு. இவ்வமைப்பினையே கோப்பு முறைமை என்பர். கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தல் ஒருவகை; முதற் பைட்டு முதல் இறுதிப் பைட்டு வரை உள்ளவாறே பெயர்த்தல் மற்றொருவகை. முன்னையதிற் கணினியைத் தொடக்கும் பகுதி முதலியன வாரா. பின்னையதில் யாவும் வரும். நீக்கப்பட்ட பழங் கோப்புகளின் எச்சங்களும் உடன்வரும். ஆதலின் அத்தகைய படியைப் பிறர்க்கு அளிக்குமுன் சிந்தித்தல் வேண்டும்.

யுனிக்ஸ் முறைமையில் 1970களில் தோன்றிய ‘டிடி’ என்னும் கட்டளை, லினக்சிலும் இப்பின்னைய பணியைச் செய்கின்றது. மூலம் யாது, இலக்கு யாது என்னும் இரு பெயர்களே அதற்குப் போதும். உறுதிதானா என அது வினவுவதில்லை. அவை இடம்மாறின், வெற்றுக் கருவியின் வெறுமை மூலத்தின்மேற் பதிந்து, காக்கக் கருதியதே அழிந்தொழியும். கணினி இடும் பெயர்கள் இணைக்கும் வரிசைக்கேற்ப மாறக்கூடியன. எனவே கொள்ளளவையும் தொடரிலக்கத்தையும் கண்டே கருவியைத் தெளிதல் வேண்டும்.

படியெடுக்கும்பொழுது மூலம் பயன்பாட்டில் இருத்தலாகாது. இடையிற் கோப்பொன்று மாறின், முன்னர்ப் படித்த அட்டவணையும் பின்னர்ப் படித்த உள்ளடக்கமும் முரணும். இலக்கின் கொள்ளளவு மூலத்தினதிற் குறைதலுமாகாது; 16 ஜிபி எனப் பொறிக்கப்பட்ட இரு கருவிகள் உண்மையளவிற் சிறிது வேறுபடலாம்.

மூலத்திற் பழுதுளதாயின் ‘டிடிரெஸ்கியூ’ என்னும் நிரல் ஏற்றது. அது நல்ல பகுதிகளை முதலிற் காத்து, இடர்ப்படும் பகுதிகளைக் குறித்துவைத்துப் பின்னர் முயலும்.

ஒப்புநோக்கலுக்கு உதவுவது, 2002 இல் அமெரிக்க நியமமாக வெளியிடப்பட்ட ‘எஸ்எச்ஏ-256’ என்னும் கணிப்புமுறை. அது பைட்டுகள் அனைத்தையும் 64 பதினறும இலக்கங்களாகச் சுருக்கும். ஒரு பிட்டு மாறினும் விடை வேறாகும். மூலத்தின் சுருக்கத்தை முன்னரே குறித்துக்கொண்டு, படியைக் கழற்றி மீளச் செருகி, மூலத்தின் நீளமளவே கணித்துப் பார்த்தல் வேண்டும். கழற்றாது கணிப்பின், கருவியிற் பதிந்ததன்றிக் கணினியின் நினைவகத்தில் எஞ்சியிருப்பதே படிக்கப்படுதல் கூடும். இரண்டையும் ஒருங்கே செருகுதலும் தகாது. அடையாள எண்கள் ஒன்றாயிருத்தலின் கணினி மயங்கும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் உடன் அழிந்தன. ஆதலால் ஒப்புநோக்கிய படியை மூலத்தோடு ஒரே பேழையில் வையாது, வேறொரு கட்டடத்தில் வைத்துப் பேணுதலே முறையாம்.