திரும்பத் திரும்ப வரும் பூசல்

பல ஊராரும் பல பாஷைக்காரரும் பல மதத்தினரும் சேர்ந்து வேலை செய்கிற ஒரு ஸ்தாபனத்தில் அபிப்பிராய பேதம் எழுவது அதிசயமன்று. ஆனால் மேலதிகாரி இரு தரப்பையும் அழைத்து, புத்தி சொல்லிச் சமாதானம் செய்து அனுப்பிய பிறகும், அதே பூசல் அதே இடத்தில் அடுத்த மாதமும் தலைதூக்குமானால், அது நின்று யோசிக்க வேண்டிய விஷயம். சச்சரவிட்டவர்களில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றியபின், அவர் இடத்துக்கு வந்த புதியவரும் சில வாரங்களில் அதே சச்சரவைத் தொடர்கிறாரென்றால், கோளாறு மனிதர்களின் சுபாவத்தில் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம்.

இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவர்களில் ஒருவர் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க மாது. 1925-இல் நியூயார்க்கில் நிர்வாகிகளுக்கு நிகழ்த்திய பிரசங்கத்தில், பிணக்கைத் தீர்க்க மூன்று மார்க்கங்கள் உண்டென்றார் அவர்: ஒரு தரப்பு மற்றதை அடக்குவது, இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, இருவரின் மெய்யான தேவையும் நிறைவேறும்படி புதியதோர் ஏற்பாட்டைக் காண்பது. அவர் சொன்ன திருஷ்டாந்தம் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவைப் பற்றியது. மலைச்சரிவிலிருந்த பால் நிலையத்தில், மேட்டிலிருந்து இறங்கி வருவோரும் பள்ளத்திலிருந்து ஏறி வருவோரும், யார் முதலில் பால் கேன்களை இறக்குவது என்று போட்ட வழக்கில் சங்கமே கலைந்துவிடும் நிலை வந்தது. முறைவைத்து விட்டிருந்தால், ஒரு சாரார் எப்போதும் காத்து நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். யோசனை சொல்ல வந்த ஒருவரோ, இறக்கும் மேடையின் இடத்தையே மாற்றி அமைத்தால் இரு திசையாரும் ஒரே சமயத்தில் இறக்கலாமே என்றார்; வழக்கு அத்துடன் தீர்ந்தது.

பலதரப்பட்டவர்கள் கூடியுள்ள இடத்தில் இத்தகைய காரணம் கண்ணுக்குத் தப்பிவிடுவது சுலபம். ஷிப்டு முடிந்து போகிறவர்கள் இயந்திரத்தைத் துடைக்காமல் விட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துடைப்பதற்கென்று நேரம் ஒதுக்கப்படாததும், உற்பத்திக் கணக்கு கடைசி நிமிஷம் வரை ஓடுவதுமே அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆயினும் போகிறவர்கள் ஒரு பாஷையினராகவும் வருகிறவர்கள் வேறு பாஷையினராகவும் இருந்துவிட்டால், ‘அவர்கள் ஜாதகமே அப்படி’ என்ற பேச்சுப் பிறந்து, பதினைந்து நிமிஷ அவகாசத்தில் தீரவேண்டிய குறை, இரு சமூகங்களின் பகையாக உருவெடுத்துவிடுகிறது. அந்நிலையில் ஒற்றுமையைப் பற்றி எத்தனை உபதேசம் செய்தாலும் இயந்திரம் சுத்தமாகப் போவதில்லை.

எனினும், எல்லாப் பூசலையும் ஏற்பாட்டின் பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. பம்பாய் ஆலைகளில், ஊடை நூலைச் சுமந்து தறியின் குறுக்கே ஓடும் நாடாவின் துளை வழியே நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுப்பது அக்காலத்தில் நெசவாளரின் வழக்கமாயிருந்தது. ஒருவர் வாய் வைத்ததில் மற்றவர் வாய் வைக்க நேருமென்பதைக் காரணம் காட்டி, கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரைச் சேர்க்க மற்ற ஜாதி நெசவாளர் மறுத்தனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் 1911-லேயே சுகாதாரத்தை முன்னிட்டு அத்தகைய நாடாவைத் தடை செய்திருந்தது. ஆகவே கருவி மாற்ற முடியாததன்று, மாற மறுத்தது ஜாதிச் சலுகையே. 1928-ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, அந்த விலக்கை நீக்குவதும் தொழிலாளர் கோரிக்கைகளில் சேரவேண்டுமென்று டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார். ஒரு சாராரின் உரிமையே மறுக்கப்படும் இடத்தில் விட்டுக்கொடுத்தலுக்கு அர்த்தமில்லை. அங்கே வேண்டியது விதியும், அதை நிறைவேற்றும் உறுதியுமே.

எது ஏற்பாட்டின் பிழை, எது உரிமை மறுப்பு என்று பிரித்தறிவது, கோபம் மூண்ட வேளையில் ஆகக்கூடிய காரியமன்று. அதற்கு நிரந்தரமான ஒரு சபை தேவை. தம்பி அம்பாலால் ஆலை முதலாளிகளின் பக்கமும், தமக்கை அனசூயா சாராபாய் தொழிலாளரின் பக்கமும் நின்ற 1918-ஆம் ஆண்டு ஆமதாபாத் வேலைநிறுத்தம் மத்தியஸ்தத்தில் முடிந்தது. 1920-இல் அதே ஊரில், காந்தியடிகள் தொழிலாளர் சார்பிலும், ஆலை அதிபர் மங்கள்தாஸ் முதலாளிகள் சார்பிலும் அமர்ந்த நிரந்தர மத்தியஸ்த சபை ஏற்பட்டது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமும், நூறு பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில், நிர்வாகத்தின் பிரதிநிதிகளுக்குக் குறையாத எண்ணிக்கையில் தொழிலாளர் பிரதிநிதிகள் அமரும் கமிட்டியை அமைக்கும்படி உத்தரவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. சிறிய அலுவலகத்துக்கு இவ்வளவு பெரிய அமைப்பு வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள், எந்தப் பிரிவில், எந்த வேளையில், எதைக் குறித்துச் சச்சரவு வந்தது என்ற குறிப்பேட்டைப் பல தரப்பினரும் கூடியிருந்து படித்தாலே, குற்றவாளியின் பெயரைத் தேடுவதை விட்டுக் காரணத்தைத் தேடும் பழக்கம் மெல்ல வந்துவிடும். அப்பழக்கம் வந்தபின் எழும் பூசல்கள் புதியனவாக இருக்குமே தவிரப் பழையனவாக இரா.