மாடித் தோட்டத்தில் பிளாஸ்டிக் பசுமைக்குடில்: சென்னைக்குச் சரிவருமா, ஊட்டிக்கு மட்டும்தானா?

ஆள் உள்ளே போய் நிற்கும் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடாரம். முன்பக்கம் ஜிப் வைத்த கதவு, உள்ளே இரண்டு பக்கமும் கம்பித் தட்டுகள். ‘வாக்-இன் க்ரீன்ஹவுஸ்’ என்ற பெயரில் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பார்த்ததுமே வாங்கத் தோன்றும். ஆனால், ஆர்டர் போடும் முன் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் செடிக்குப் பிரச்னை குளிரா, வெயிலா?

ஏனென்றால், இது குளிருக்காகவே செய்யப்பட்ட பொருள். பிரிட்டனில் ஏப்ரலில்கூட உறைபனி விழும். குளிர் விலகும்வரை காத்திருந்து தக்காளி விதைத்தால், காய் பழுப்பதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். அதனால் சில வாரம் முன்கூட்டியே நாற்று வளர்த்துக்கொள்ள அங்கே கொல்லைப்புறத்தில் இதை நிறுத்துகிறார்கள்.

உள்ளே ஏன் சூடாகிறது?

வெயில் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போய் மண்ணையும் தொட்டியையும் சூடாக்குகிறது. அவற்றால் சூடான காற்று மேலே எழும்பி, வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. கண்ணாடி வெப்பக் கதிர்களைப் பிடித்து வைப்பதுதான் காரணம் என்று பலரும் பள்ளியில் படித்திருப்பார்கள். 1909-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்துச் சோதித்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு வெப்பக் கதிர்களைத் தடுக்காத பாறை உப்புத் தகடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் சூடாகின. அடைபட்ட காற்றுதான் முக்கியக் காரணம். ஆக, இந்தக் கூடாரத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்க உங்கள் கையில் இருப்பது அந்த ஜிப் மட்டும்தான்.

இதை அப்படியே சென்னை மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தால்? வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் மூடிய கூடாரத்துக்குள் 45-ஐத் தாண்டுவது சாதாரணம். 35-க்கு மேல் போனாலே தக்காளிப் பூக்கள் காய் பிடிக்காமல் உதிர ஆரம்பிக்கும். குழித்தட்டில் இருக்கும் நாற்று ஒரே மதியத்தில் வதங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் கிளம்புபவர் மத்தியானம் வந்து ஜிப்பைத் திறக்கவா முடியும்?

ஓசூரில் பாலிஹவுஸில் ரோஜா வளர்க்கிறார்களே என்று கேட்கலாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குடில்கள் பல மீட்டர் உயரம். சூடான காற்று வெளியேற வழி வைத்தே கட்டுகிறார்கள். ஆறடிக் கூடாரத்தில் அதெல்லாம் கிடையாது. சமவெளியில் இருப்பவர்களுக்கு 50 சதவீத நிழல்வலையே போதும். செலவும் குறைவு, காற்றும் ஓடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது உதவும். பக்கவாட்டுத் துணியைச் சுருட்டிக் கட்டிவிட்டு, மேல்பாகத்தை மட்டும் விட்டுவைத்தால் நாற்றுகளுக்கு நல்ல மழைக்கூரை. கனமழையில் விதை அடித்துக்கொண்டு போகாது. ஈரம் தேங்கி வரும் நாற்றழுகல் நோயும் குறையும்.

ஆனால், அது புயல் சீசனும்கூட. மெல்லிய குழாய்களால் ஆன இந்தச் சட்டகத்தைச் சாதாரணமாக ஒருவரே தூக்கிவிடலாம். பலத்த காற்றில் பாய்மரம் போல உப்பிக் கிளம்பும். மாடியிலிருந்து தெருவில் போகிறவர் மேல் விழுந்தால் பிரச்னை செடியோடு முடியாது. கீழ்த் தட்டுகளில் மண் நிரப்பிய கனமான தொட்டிகளை வையுங்கள், சட்டகத்தைக் கைப்பிடிச் சுவரோடு கயிற்றால் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் உறையைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடுவதே சரி.

இந்தக் கூடாரம் நிஜமாகவே பொருந்தும் இடம் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்கள்தான். அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். பகலில் உள்ளே சேரும் சூடு மிளகாய், தக்காளி நாற்றுக்கு ரொம்பவே உதவும். இரவு நிலவரம் வேறு. கண்ணாடி போல அல்லாமல், சாதாரண பாலித்தீன் வெப்பக் கதிர்களை வெளியே விட்டுவிடும். மேகமில்லாத இரவில் உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இருக்காது. தண்ணீர் நிரப்பிய கறுப்பு கேன்களை உள்ளே வைத்தால், பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெதுவாக விடும். காலை வெயில் ஏறியதும் கதவைத் திறக்க மறந்துவிடக் கூடாது.

செடி பூத்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. மூடிய இடத்தில் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. தக்காளிப் பூங்கொத்தைத் தினமும் விரலால் லேசாகத் தட்டிவிட்டால்தான் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

வாங்கும்போது சட்டகத்தைவிட உறையைப் பாருங்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் ‘யுவி’ பூச்சு இல்லாத பாலித்தீன் நம்ம ஊர் வெயிலில் ஓரிரு வருடத்தில் பொடிந்து கிழியும். உறை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.